மின்கலத்தின் உள்ளே நடக்கும் போக்குவரத்து



இன்று தோட்டத்து வீடு ஒவ்வொன்றிலும் மின்கலம், அதாவது பேட்டரி, ஏதாவது ஓர் உருவில் குடியிருக்கின்றது. கைத்தொலைபேசியில் இருக்கின்றது. இருள் பிரியும் முன்னரே பால்மரக் காட்டுக்குப் போகிறவர்களின் நெற்றி விளக்கில் இருக்கின்றது. மின்சாரம் தடைப்படும் நாளுக்கென்று வாங்கி வைத்த பவர் பேங்கிலும், முதுகில் சுமந்து மருந்து தெளிக்கும் சில கருவிகளிலும் அதுவே இருக்கின்றது. ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கும் கார்பைட் விளக்கும் செய்த வேலையை இன்று விரல் அளவுள்ள ஓர் உருளை செய்துவிடுகின்றது.

இவற்றை இரவில் சுவரில் உள்ள மின் இணைப்பில் செருகுகிறோம். காலையில் எடுத்துப் பார்த்தால் நிறைந்திருக்கின்றது. பகலெல்லாம் பயன்படுத்துகிறோம், மாலையில் குறைந்துவிடுகின்றது. அப்படியானால் உள்ளே போனது என்ன? வெளியே வந்தது என்ன? வாளியில் தண்ணீர் பிடிப்பதுபோல் மின்சாரத்தைப் பிடித்து வைக்கிறோமா? பிடித்து வைப்பதுதான் என்றால், வாங்கிய புதிதில் ஒரு நாள் முழுவதும் தாங்கிய மின்கலம் இரண்டு ஆண்டுகளில் அரை நாளைக்குக்கூடத் தாங்காமல் போவது ஏன்? சில வேளைகளில் அது வீங்குவதும், தீப்பற்றுவதும் எதனால்? பள்ளியில் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் இவை. பெரியவர்களும் அறிந்துகொள்ள வேண்டியவை. ஏனெனில், உள்ளே நடப்பதை அறிந்தவருக்கு மின்கலம் நீண்ட நாள் உழைக்கும். வீட்டுக்கும் ஆபத்து நேராது.

முதலில் பழைய டார்ச் லைட்டில் போடும் மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண வகையில் அதன் வெளிக்கூடே துத்தநாகம் என்னும் உலோகத்தால் ஆனது. விளக்கு எரிய எரிய அந்தத் துத்தநாகம் சிறுகச் சிறுகக் கரைந்து வேறு பொருளாக மாறுகின்றது. அந்த மாற்றத்தில் பிறப்பதே நாம் பெறும் மின்சாரம். கரைந்த துத்தநாகம் மீண்டும் பழையபடி வந்து அமர்வதில்லை. அடுப்பில் எரிந்த விறகு மீண்டும் விறகாவதுண்டோ? அதுபோலத்தான். ஆகவே அந்த மின்கலத்தைத் தீர்ந்ததும் எறிந்துவிடுகிறோம். நாட்பட வைத்திருந்தால் கூடு ஓட்டையாகி நீர் கசிந்து, டார்ச் லைட்டின் உட்புறத்தை அரித்துவிடுவதையும் கண்டிருக்கிறோம்.

இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நான்கு எலுமிச்சம் பழங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் துத்தநாகம் பூசிய ஓர் ஆணியையும் ஒரு செம்புக் கம்பியையும் ஒன்றை ஒன்று தொடாமல் குத்தி வையுங்கள். ஒரு பழத்தின் செம்பையும் அடுத்த பழத்தின் ஆணியையும் கம்பியால் இணைத்துக்கொண்டே போங்கள். இறுதியில் இரு முனைகள் மிஞ்சும். அவற்றை ஒரு சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கின் இரு கால்களுக்கும் கொடுத்தால் விளக்கு மங்கலாக ஒளிரும். ஒளிராவிட்டால் விளக்கின் கால்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பழம் ஏறத்தாழ 1 வோல்ட் அழுத்தம் தரும். ஏதாவது ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டால் ஒளி அணைந்துவிடும். பழத்தின் உள்ளே ஒரு பாதை, கம்பியின் வழியே வெளியே ஒரு பாதை. இரண்டும் திறந்திருந்தால்தான் மின்கலம் வேலை செய்யும் என்பதை இதிலிருந்து அறிகிறோம். சோதனை முடிந்ததும் அந்தப் பழங்களை எறிந்துவிடுங்கள். உலோகம் கரைந்திருப்பதால் அவை உண்ணத் தகுந்தவையல்ல.

தீர்ந்தபின் மீண்டும் நிறைத்துக்கொள்ளக் கூடிய மின்கலத்தை 1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த காஸ்டன் பிளாந்தே என்பவர் செய்து காட்டினார். ஈயத் தகடுகளையும் அமிலத்தையும் கொண்ட அந்த மின்கலமே இன்றும் கார்களிலும் லாரிகளிலும் இருக்கின்றது. நல்ல உழைப்பாளிதான். ஆயினும் மிகுந்த கனம். அதனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவோ நெற்றியில் கட்டிக்கொள்ளவோ இயலுமா? கனமில்லாத ஒன்று வேண்டியிருந்தது. அதற்காக அறிவியலார் தேடிப் பிடித்த பொருளே லித்தியம்.

உலோகங்கள் அனைத்திலும் மிக இலேசானது லித்தியம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை இருக்கும். அதே அளவு இடத்தை அடைக்கும் ஈயம் 11 கிலோவுக்கு மேல் இருக்கும். லித்தியமோ ஏறத்தாழ அரைக் கிலோதான். அதற்கு மற்றொரு குணமும் உண்டு. ஒவ்வொரு லித்திய அணுவும் தன்னிடமுள்ள எலெக்ட்ரான் ஒன்றை எளிதில் விட்டுக்கொடுத்துவிடும். எலெக்ட்ரான் என்பது அணுவுக்குள் இருக்கும் மிகச் சிறிய துகள். அது கம்பியில் ஓடுவதைத்தான் நாம் மின்சாரம் என்கிறோம். எலெக்ட்ரானைப் பிரிந்து நிற்கும் லித்திய அணுவுக்கு லித்திய அயனி என்று பெயர். எலெக்ட்ரானுக்குக் கழித்தல் மின்னூட்டமும் அயனிக்குக் கூட்டல் மின்னூட்டமும் உண்டு. கூட்டலும் கழித்தலும் ஒன்றை ஒன்று ஈர்க்கும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

லித்தியத்தை அடக்கி வேலை வாங்குவது எளிதாக இருக்கவில்லை. அந்த உலோகம் தண்ணீர் பட்டாலே பொங்கிச் சீறும். 1970களில் உலகில் எண்ணெய்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்தக் காலத்தில் ஸ்டான்லி விட்டிங்காம் என்னும் அறிவியலார் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பணியாற்றி, லித்திய மின்கலம் ஒன்றை உருவாக்கினார். அது 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் தந்தது. ஆயினும் மீண்டும் மீண்டும் நிறைக்கும்போது, லித்திய உலோகத்தின் மேல் ஊசி போன்ற முட்கள் வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டுத் தீ மூட்டின. 1980ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் என்பவர் கோபால்ட் ஆக்சைடு என்னும் பொருளைப் பயன்படுத்தி 4 வோல்ட் வரை எட்டினார். 1985ஆம் ஆண்டில் ஜப்பானியரான அக்கிரா யோஷினோ, லித்தியத்தை உலோகமாக வைக்காமல், எண்ணெயிலிருந்து கிடைக்கும் ஒருவகைக் கரிக்குள் அயனியாகத் தங்க வைத்தார். தீமூட்டும் பழைய இடர் அதனால் வெகுவாகக் குறைந்தது. 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களில் அவரே மிக மூத்தவர்.

இனி மின்கலத்தின் உட்புறத்தைப் பார்ப்போம். மனக்கண்ணால் மட்டுமே பார்க்க வேண்டும். எவரும் கத்தி எடுத்து அறுத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே பாய்போல் சுருட்டிய நீண்ட படலங்கள் இருக்கின்றன. ஒரு படலம், செம்புத் தாளின்மேல் கிராஃபைட் பூசியது. கிராஃபைட் வேறொன்றுமில்லை, பென்சில் குச்சிக்குள் இருக்கும் கரியேதான். மற்றொரு படலம், அலுமினியத் தாளின்மேல் கோபால்ட் ஆக்சைடு போன்ற ஓர் உலோக ஆக்சைடைப் பூசியது. இவை இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுவிடாமல் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் தடுத்து நிற்கின்றது. அதன் தடிப்பு தலைமயிரின் தடிப்பைவிடவும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் அதில் நிறைந்திருக்கின்றன. இவை எல்லாவற்றையும் ஒரு தனி வகை நீர்மம் நனைத்து நிற்கின்றது. அந்த நீர்மத்தில் அயனிகள் நீந்திச் செல்லலாம், எலெக்ட்ரான்கள் செல்ல இயலாது.

இதனை ஒரு தோட்டமாக எண்ணிக்கொள்வோம். மேட்டில் ஒரு லயம் இருக்கின்றது. அதுவே கிராஃபைட். பள்ளத்தில் ஒரு லயம் இருக்கின்றது. அதுவே உலோக ஆக்சைடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சதுப்பு நிலம். அதன் குறுக்கே சிறு சிறு சந்துகளுள்ள ஒரு வேலி. சதுப்பு என்பது நீர்மம், வேலி என்பது பிளாஸ்டிக் தாள். மேட்டு லயத்தில் அண்ணனும் தம்பியுமாகப் பலர் இணை இணையாகக் குடியிருக்கிறார்கள். அண்ணன் லித்திய அயனி, தம்பி எலெக்ட்ரான். இவர்களுக்குப் பள்ளத்து லயமே சொந்த வீடு. மேட்டில் இருக்கும்வரை எப்போது இறங்குவோம் என்றே காத்திருக்கிறார்கள். அண்ணன் சதுப்பில் இறங்கி, வேலிச் சந்தில் நுழைந்து, குறுக்கு வழியில் போய்விடுவான். தம்பிக்குச் சதுப்பில் கால் வைக்க இயலாது. அவனுக்கு உள்ளது, தோட்டத்தைச் சுற்றிவரும் வெளிச் சாலை ஒன்றுதான். அந்தச் சாலைதான் கம்பி.

நாம் விளக்கின் விசையைப் போடுகிறோம். வெளிச் சாலை திறக்கின்றது. தம்பிமார் கூட்டம் கூட்டமாகக் கம்பியில் இறங்கி ஓடுகிறார்கள். வழியில் விளக்கு இருக்கின்றது. அதன் வழியாகப் போகும்போது தம்மிடமுள்ள ஆற்றலைக் கொடுத்து அதனை எரிய வைக்கிறார்கள். அதே நேரத்தில் அண்ணன்மார் சதுப்பைக் கடக்கிறார்கள். பள்ளத்து லயத்தில் அண்ணனும் தம்பியும் மீண்டும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்கிறார்கள். இதுவே மின்னிறக்கம்.

விசையை அணைத்தால் என்ன ஆகும்? சாலை அடைபடுகின்றது, தம்பி நின்றுவிடுகிறான். அண்ணன் மட்டும் தனியே போய்விடலாமே என்று கேட்கலாம். போக இயலாது. கூட்டலும் கழித்தலும் ஒன்றை ஒன்று இழுப்பதால், தம்பியை விட்டுவிட்டு அண்ணன்மார் தொடர்ந்து போக முடிவதில்லை. ஆகவே வெளியே ஓட்டம் நின்றால் உள்ளேயும் நின்றுவிடும். பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மின்கலம் பல நாள் தீராமல் இருப்பதன் காரணம் இதுவே.

மேட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளத்துக்கு வந்துவிட்டால் மின்கலம் தீர்ந்துவிட்டது என்கிறோம். உண்மையில் எதுவும் தீரவில்லை, எவரும் மறைந்துவிடவில்லை. எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவர்களை மீண்டும் மேட்டுக்கு ஏற்றுவதே மின்னேற்றம். தாமாக ஏறமாட்டார்கள், தள்ளித்தான் ஏற்ற வேண்டும். அந்தத் தள்ளும் வேலையைச் சுவரிலிருந்து வரும் மின்சாரம் செய்கின்றது. மின்னேற்றி, அதாவது சார்ஜர், தம்பிமாரைக் கம்பியின் வழியே மேட்டு லயத்துக்குத் திருப்பி அனுப்புகின்றது. தம்பியைத் தேடி அண்ணனும் சதுப்பைக் கடந்து மேலே வருகிறான். கிராஃபைட்டில் ஏடுகளை அடுக்கியதுபோல் படிமங்கள் இருக்கின்றன. அந்த ஏடுகளின் இடுக்குகளில் அண்ணன்மார் வந்து தங்குகிறார்கள். ஆறு கரி அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்பது அங்குள்ள கணக்கு.

ஆகவே, நாம் மின்கலத்துக்குள் மின்சாரத்தை ஊற்றவில்லை. மின்சாரத்தின் உதவியால் உள்ளிருப்பவர்களை மேட்டுக்கு ஏற்றி வைக்கிறோம். குன்றின்மேல் உள்ள தொட்டிக்குத் தண்ணீரை இறைத்து வைத்தால், வேண்டும்போது குழாயைத் திறந்து பெறலாம் அன்றோ? அதைப் போன்றதே இதுவும்.

மின்னேற்றத்தின்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். முதல் பாதி விரைவாக ஏறுகின்றது. 80 விழுக்காட்டுக்கு மேல் ஆமை வேகம்தான். காலி லாரியில் ஆட்கள் மளமளவென்று ஏறி அமர்வார்கள். நிறைந்த லாரியில் கடைசி நான்கு பேர் இடம் தேடி நெருக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். இங்கும் அப்படியே. கைத்தொலைபேசி மின்கலம் நிறையும்போது அழுத்தம் பொதுவாக 4.2 வோல்ட்டை எட்டும், புதிய வகைகள் சிலவற்றில் இன்னும் சிறிது கூடுதல். அந்த எல்லையை எட்டியதும் சாதனத்தில் உள்ள கட்டுப்பாட்டுச் சுற்று மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கின்றது. அவசரப்பட்டு மேலும் தள்ளினால், இடுக்கில் இடம் கிடைக்காத லித்தியம் வெளிப்புறத்தில் உலோகமாகப் படியும். 1970களில் தீ மூட்டிய அந்த முட்கள் இப்படித்தான் மீண்டும் வளர்கின்றன. அழுத்தம் 3 வோல்ட் அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கும்போது, அதே சுற்று ஓட்டத்தை நிறுத்திவிடும். மேலெல்லையையும் கீழெல்லையையும் காத்து நிற்கும் காவலாளி அது.

இனி, மின்கலம் மூப்படைவது ஏன் என்று பார்ப்போம். எவரும் மறையவில்லை என்று சொன்னோம். அது முற்றிலும் அப்படியே நடந்தால் மின்கலம் என்றென்றும் உழைக்க வேண்டுமே! புது மின்கலத்தை முதன்முதலில் நிறைக்கும்போதே, நீர்மத்தில் ஒரு சிறு பகுதி சிதைந்து கிராஃபைட்டின்மேல் மெல்லிய தோல்போல் படிகின்றது. அந்தத் தோல் மேலும் சிதையாமல் காக்கும் நல்ல தோல்தான். ஆயினும் நாளடைவில் அது தடித்துக்கொண்டே போகின்றது. அண்ணன்மாரில் சிலர் அதில் சிக்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். போக வர ஆட்கள் குறைந்தால் வேலையும் குறையும். சில நூறு முறை முழுதாக நிறைத்து இறக்கியபின், புதிதில் இருந்த கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கே மிஞ்சுவது வழக்கம். தரமான புதிய வகைகள் இதைவிட நெடுநாள் தாங்கும்.

தோல் விரைவாகத் தடிக்க இரண்டு காரணங்கள் முதன்மையானவை. ஒன்று வெப்பம், மற்றொன்று முழுதாக நிறைந்த நிலையிலேயே நெடுநேரம் கிடப்பது. நம் நாட்டிலோ வெயிலுக்குக் குறைவில்லை. தகரக் கூரையின் கீழ் உச்சி வேளையில் அலமாரியின்மேல் வைத்த கைத்தொலைபேசியும், மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் காயும் நெற்றி விளக்கும் நாம் அறியாமலே முதுமை அடைகின்றன. மின்னேற்றும்போது சிறிது சூடாவது இயல்பு. அந்தச் சூடு வெளியேற வழியிருக்க வேண்டும். தலையணைக்குக் கீழும் மெத்தையின்மேலும் வைத்து மின்னேற்றினால், சூடு அடைபட்டுக் கூடிக்கொண்டே போகும். 45 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் மின்னேற்றுவது இவ்வகை மின்கலத்துக்கு ஆகாது.

இந்த இடத்தில் இரண்டு பழைய எண்ணங்களை மாற்றிக்கொள்வோம். முற்றிலும் தீர்ந்த பின்னரே மீண்டும் மின்னேற்ற வேண்டும் என்று பலர் இன்னும் சொல்கின்றனர். அது நிக்கல் காட்மியம் என்னும் பழைய வகைக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. லித்தியத்துக்குப் பொருந்தாது. அடிக்கடி சிறிது சிறிதாக நிறைப்பதே இதற்கு நல்லது. 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையில் வைத்துப் பழகினால் ஆயுள் கூடும். புதிதாக வாங்கியதை முதல் நாள் எட்டு மணி நேரம் மின்னேற்ற வேண்டும் என்பதும் அவ்வாறே பழைய வழக்கம்தான். காவலாளி நிறைந்ததும் நிறுத்திவிடுவதால் அதனால் பயன் ஏதுமில்லை.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்கவும் இந்த அறிவு உதவும். மின்கலத்தின்மேல் 5000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால், 5 ஆம்பியர் ஓட்டத்தை ஒரு மணி நேரம் தரக்கூடிய அளவு அதில் இருக்கின்றது என்பது பொருள். நெற்றி விளக்குகளில் போடும் உருளை மின்கலத்தில் 18650 என்னும் எண்ணைக் காணலாம். அது 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதைக் குறிக்கும். அந்த அளவுள்ள மின்கலத்தில் பெயர்பெற்ற தொழிற்சாலைகள் செய்பவையே பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணி வரையில்தான் கொள்ளும். அதே அளவு உருளையில் 9000 என்று அச்சிட்டு மலிவாக விற்றால், அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை.

பவர் பேங்கிலும் ஒரு கணக்கு உண்டு. அதன்மேல் 10,000 என்று இருந்தால், 5000 கொண்ட கைத்தொலைபேசியை இருமுறை நிறைக்கலாம் என்று எண்ணத் தோன்றும். அந்த 10,000 என்பது 3.7 வோல்ட் அழுத்தத்தில் போட்ட கணக்கு. வெளியே தருவதோ 5 வோல்ட். அழுத்தத்தை உயர்த்தும்போது அளவு 7400 ஆகச் சுருங்கும். அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். ஆகவே இரண்டாம் முறை நிறையாவிட்டால் பழுதென்று எண்ண வேண்டாம். மின்கட்டணத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். 5000 கொண்ட கைத்தொலைபேசியை ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 முறை நிறைத்துவிடலாம். மின்னேற்றச் செலவு சிறிதே, மின்கலத்தைக் கெடுத்து மாற்றும் செலவே பெரிது.

இனி ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டு லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் நடுவில் நிற்பது தலைமயிரைவிட மெல்லிய வேலி என்று கண்டோம். அந்த வேலி கிழிந்தால் தம்பிமாருக்கு வெளிச் சாலை தேவையில்லை. நாள் முழுவதும் சிறுகச் சிறுக வெளிவர வேண்டிய ஆற்றல் சில நொடிகளில் சூடாக வெளிப்படும். அந்தச் சூட்டில் நீர்மம் ஆவியாகித் தீப்பற்றும். கோபால்ட் ஆக்சைடு போன்ற பொருள்கள் சூட்டில் உயிர்வளியையும் வெளிவிடும். ஆகவே மூடி அணைக்க முயன்றாலும் எளிதில் அணையாது. புகையும் நச்சுப் புகையே.

வேலி கிழிவது எப்போது? மின்கலத்தை நசுக்கினால், ஆணியால் குத்தினால், உயரத்திலிருந்து போட்டு நசுங்கச் செய்தால், அளவுக்கு மீறிச் சூடாக்கினால், காவலாளிச் சுற்று இல்லாத மலிவுப் பொருளில் அளவுக்கு மீறி மின்னேற்றினால். வெளியிலிருந்தும் இதே கேடு வரலாம். நெற்றி விளக்கின் மாற்று மின்கலத்தைச் சில்லறைக் காசும் சாவியும் உள்ள பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகக் கூடாது. உலோகம் இரு முனைகளையும் தொட்டால், அதுவே தம்பிமாருக்குக் குறுக்குச் சாலை ஆகிவிடும். ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதும், அந்த ஆபத்து இல்லை.

கைத்தொலைபேசியின் முதுகு புடைத்திருந்தால், உள்ளே வாயு சேர்ந்து மின்கலம் வீங்கிவிட்டது என்று அறியலாம். அழுத்திச் சரிசெய்யவோ, குத்திக் காற்றை வெளியேற்றவோ ஒருபோதும் முயலக் கூடாது. அதனை அணைத்துவிட்டு, மேலும் மின்னேற்றாமல், எளிதில் தீப்பற்றாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, பழுதுபார்க்கும் கடையில் ஒப்படைக்க வேண்டும். மழையில் நனைந்த சாதனத்தையும் நன்கு உலரும்வரை மின்னேற்றக் கூடாது.

மின்னேற்றியை வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கின்றதா என்று பாருங்கள். சுவரில் உள்ள 240 வோல்ட் அளவு மின்சாரத்தை 5 வோல்ட் போன்ற சிறிய அளவுக்குக் குறைத்துத் தரும் பொறுப்பு அந்தச் சிறு பெட்டியினுடையது. அதனுள்ளே பாதுகாப்புக் குறைந்தால் கேடு மின்கலத்துக்கு மட்டுமன்று, தொடுகின்ற கைக்கும் வரும். மின்னேற்றுவதைத் தரையிலோ மேசையிலோ, துணியும் தாளும் அருகில் இல்லாத இடத்தில் செய்வது நலம். வீட்டில் எல்லாரும் உறங்கும் நேரத்தைவிட, விழித்திருக்கும் நேரமே அதற்கு ஏற்றது.

மீறித் தீப்பற்றிவிட்டால் என்ன செய்வது? இயலுமானால் முதலில் சுவர் விசையை அணைத்து மின்சாரத்தைத் துண்டியுங்கள். சிறு சாதனமாக இருந்து அருகில் நெருங்க முடிந்தால், தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். தண்ணீர் சூட்டைத் தணித்து, அடுத்த பகுதிக்குப் பரவாமல் தடுக்கும். லித்திய உலோகம் தண்ணீரில் சீறும் என்று சொன்னோமே என்று ஐயம் எழலாம். இந்த மின்கலத்தில் லித்தியம் உலோகக் கட்டியாக இல்லை, அயனியாகக் கரிக்குள் தங்கியிருக்கின்றது. ஆகவே தண்ணீரே ஏற்றது. அணைந்ததுபோல் தோன்றினாலும் மீண்டும் பற்றக்கூடும், கையில் எடுக்கக் கூடாது. தீ பெரிதாகிவிட்டால் பொருளைப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே அழைத்துக்கொண்டு வந்து, 999 எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். லயத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து இருப்பவை. ஒரு வீட்டில் காட்டும் கவனம் வரிசை முழுவதற்கும் காவல்.

உழைத்து ஓய்ந்த மின்கலத்தைக் குப்பையில் எறியவோ, குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவோ கூடாது. தீர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே சிறிது ஆற்றல் மிஞ்சியிருக்கும். குப்பை லாரியில் நசுங்கினால் அதுவே தீயாகும். முனைகளை ஒட்டு நாடாவால் மூடி, பழைய மின்சாதனங்களைச் சேகரிக்கும் இடத்திலோ கைத்தொலைபேசிக் கடையிலோ கொடுத்துவிடலாம். அதிலுள்ள கோபால்ட்டும் செம்பும் லித்தியமும் மீண்டும் பிரித்தெடுத்துப் பயன்படுத்தத் தக்கவை. அதுபோலவே, நெடுநாள் பயன்படுத்தாமல் வைக்கப் போகும் மின்கலத்தை முழுதாக நிறைத்தோ முழுதாக இறக்கியோ வைக்காமல், பாதியளவில் நிறுத்திக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சிறிது நிறைத்து வைப்பதும் நல்லது.

நேயர்களே, கைத்தொலைபேசி ஒன்று வாங்க ஒரு குடும்பம் எத்தனை நாள் சம்பளத்தை ஒதுக்குகின்றது என்பதை நாம் அறிவோம். பிள்ளையின் பாடமும், தொலைவில் வேலை செய்யும் மகனின் குரலும், அவசர வேளையில் மருத்துவ உதவியும் இன்று அந்தச் சிறு பொருளின் வழியாகவே வருகின்றன. அதனை நீண்ட நாள் உழைக்கச் செய்யப் பெரிய படிப்பு தேவையில்லை. உள்ளே போவதும் வருவதுமாக ஒரு கூட்டம் ஓயாமல் உழைக்கின்றது; அவர்களை வெயிலில் வாட்டாமல், அளவுக்கு மீறி நெருக்காமல், நடுவில் நிற்கும் வேலியைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்வோம். இதை நினைவில் வைத்தால் போதும், செய்யத் தக்கது எது, தகாதது எது என்பது தானே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.